காப்புக் கட்டிய ஊரில் ஓர் உண்ணாவிரதம்

பெரியசாமி செத்துப்போவதென்று முடிவெடுத்தபோது அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது.

"சிட்டு, கேட்டுக்கோ. இன்னியிலிருந்து நான் சாவும்வரை உண்ணாவிரதம்."

சிட்டம்மாள் பானை மூடியைத் திறந்தாள். விரலைத் தண்ணீரில் நனைத்து ஓர் இட்லியைக் குத்திப் பார்த்தாள்.

"நாஷ்டா துன்னுட்டுச் சாவப் போறியா, துன்னாமலா?"

பெரியசாமி யோசித்தார். ஒரு பக்கம் கொள்கை. மறுபக்கம் காரச் சட்னி.

"ஏரிக்கு அந்தாண்ட போய் உக்காந்தாதான் ஆரம்பம்" என்றார். ஆறு இட்லியைப் பசிக்காகத் தின்றார். ஏழாவதைப் போராட்டத்துக்காகத் தின்றார்.

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் தாண்டி உள்ளே போகும் சாலையில், பஸ் திரும்பிக்கொள்ளும் ஊர் அவருடையது. பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு நின்றுவிட்டது. மிச்சப் படிப்பு முழுவதும் துண்டுப் பிரசுரத்தில். அதனால் அவர் பேசினால் ஒவ்வொரு வாக்கியமும் ஆச்சரியக்குறியில்தான் முடியும். கீழே அச்சகத்தின் பெயர் மட்டும் இருக்காது. ஊரில் அவருக்கு 'நோட்டீஸ்' என்று பெயர்.

போராடாத விஷயம் கிடையாது. பேருந்து கேட்டு மறியல் செய்தார். பேருந்து வந்தது. வந்த அன்று தேங்காய் உடைத்தவர் வேறொருவர். ஏரியில் மண் எடுக்கக் கூடாதென்று லாரிக்கு முன்னால் படுத்தார். லாரி சுற்றிக்கொண்டு போனது. சாராயக் கடையை மூடச் சொல்லி முற்றுகை போட்டார். மூடினார்கள். மூடி, கொஞ்சம் தள்ளித் திறந்தார்கள். இப்போது அது அவர் வீட்டுக்கு இன்னும் பக்கம்.

வெற்றி பெற்றவர்களுக்கெல்லாம் ஊரில் ஒரு கல்வெட்டு இருந்தது. குடிநீர்க் குழாயைத் திறந்து வைத்தவருக்குக் கல்வெட்டு. குழாயில் தண்ணீர் வரவில்லை, கல்வெட்டு மட்டும் பளபளக்கிறது. குடவோலை எப்படிப் போடுவதென்று அந்தக் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்த ஊருக்குப் பக்கத்தில் பிறந்தும், தன் பெயர் ஒரு கல்லிலும் ஏறவில்லை என்பது பெரியசாமிக்கு ஆறாத புண். கண் மூடுவதற்குள் ஒரு போராட்டம், ஒரே ஒரு போராட்டமாவது, தன் பெயரில் ஜெயிக்க வேண்டும். அதற்குத்தான் இந்தச் சாவு.

விஷயம் செல்போன்.

ஏரிக்கு அந்தப் பக்கம், ஊரை விட்டு வெகுதூரம் தள்ளி, திரௌபதி அம்மன் கோயில். வருடா வருடம் அங்கே பாரத விழா. பகலில் பாரதம் படிப்பார்கள். ராத்திரி கூத்து. கடைசியில் தீமிதி. அந்த மைதானத்தில் சிக்னல் கிடையாது. கிடையாது என்பதாலேயே எல்லாரும் அதைத் தேடுவார்கள். கையை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு மைதானம் முழுக்க ஜனங்கள் அலைவதை வெளியூர்க்காரன் பார்த்தால், இவ்வளவு பக்தியா என்று அசந்துபோவான்.

போன வருடம் அர்ச்சுனன் தவம் செய்யத் தபசு மரத்தில் ஏறினான். சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அந்த உச்சிதான் என்பது அப்போதுதான் தெரிந்தது. சிவபெருமானைக் கூப்பிட்டு உருகிப் பாடிக்கொண்டிருந்தவனின் இடுப்பில் மணி அடித்தது. சிவன் வருவதற்குள் மச்சான் வந்துவிட்டான். அதையாவது மன்னிக்கலாம். களிமண்ணில் மல்லாக்கப் படுக்க வைத்திருந்த துரியோதனன் மேல் ஏறி நின்று ஆளாளுக்குச் செல்ஃபி எடுத்தார்கள். பீமன் கதாயுதத்தைச் சுழற்றிக்கொண்டு ஓடி வந்து பார்த்தால், தொடை ஏற்கெனவே உடைந்து கிடக்கிறது. பீமனுக்கு வேலை இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

இதெல்லாம் நோட்டீஸில் இருந்தது. நோட்டீஸில் இல்லாத காரணம் ஒன்றும் உண்டு. போன வருடம் மேடையில் பெரியசாமிக்குப் பேச நேரம் கொடுத்தார்கள். 'பாரதமும் பாட்டாளியும்' என்று ஆரம்பித்தார். கூட்டம் முழுவதும் தலை குனிந்திருந்தது. அவமானத்தால் குனிந்திருக்கிறார்கள், பேச்சு உறைத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு பார்த்தால் அவர் கொடுத்த நோட்டீஸை விரித்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, செல்லில் எப்போதோ இறக்கி வைத்த சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"செல்லு ஏரிக்கரையைத் தாண்டக் கூடாது! அதான் கோரிக்கை!" என்றார் பெரியசாமி, கை கழுவிக்கொண்டே.

"செல்லு வேணாம்னா, கூத்து வுட்டு பொம்பளைங்க வூடு வந்து சேர்றது எப்பிடி?" என்றாள் சிட்டம்மாள். "ஏரிக்கரை மேல ஒரு லைட்டு கீதா? செல்லு வெளிச்சத்துலதான் பாம்பு எது, கயிறு எதுன்னு பாத்துக்கினு வரோம்."

"உங்கம்மா செல்லு வெச்சிக்கினா கூத்து பாத்தாங்க?"

"எங்கம்மா பாம்பு கடிச்சுதான் செத்தா."

பெரியசாமி அதைக் காதில் வாங்கவில்லை. போராளிகளுக்கு அந்தப் பயிற்சி உண்டு.

"ஒதுங்கறதுக்கு ஒரு மறைப்புகூட இல்ல. இருட்டுல போனா முள்ளு. லைட்டு அடிச்சிக்கினு போனா ஆம்பளைங்க கண்ணு. வருசா வருசம் நாங்க கமிட்டியாண்ட போய்க் கேட்டுக்கினுதான் கீறோம்."

"அதெல்லாம் சில்லறைப் பிரச்சினை சிட்டு. இது பண்பாட்டுப் பிரச்சினை!"

"கமிட்டியும் இதையேதான் சொல்லுது. எங்குளுது சில்லறைப் பிரச்சினையாம். அதுக்குத்தான் சில்லறை இல்லியாம்."

பெரியசாமி சட்டைப் பையிலிருந்து தன் செல்லை எடுத்து, படை வீரன் வாளை ஒப்படைப்பதுபோல அவள் கையில் வைத்தார். "இந்தா. இது வூட்டை விட்டு வெளிய வரக் கூடாது. மொதல்ல நாம ஒழுங்கா இருக்கணும்!"

சிட்டம்மாள் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அழவில்லை. தாலியைப் பிடித்துக்கொண்டு 'போகாதே' என்று தடுக்கவில்லை. "குடை எடுத்துக்கினு போ, வெயிலு" என்றாள். அவ்வளவுதான். சாகப்போகிறவனுக்கு இது போதுமா?

அந்த வேகத்தில் பெரியசாமி முக்கியமான ஒன்றை மறந்துவிட்டார். இத்தனை வருடப் போராட்ட வாழ்க்கையில் அவர் எத்தனையோ உண்ணாவிரதம் இருந்திருக்கிறார். ஒன்றிலும் பசித்ததில்லை. கூட்டம் கலைந்ததும் வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். கொஞ்ச நேரத்தில் சிட்டம்மாள் நோட்டீஸ் கட்டோடு வருவாள். மேலே நோட்டீஸ், அடியில் எலுமிச்சைச் சோறு. மைதானத்தில் சிக்னல் இல்லாவிட்டாலும் ஏரிக்கரை வரை நடந்தால் கிடைத்திருக்கும். அந்த மிஸ்டு காலைத்தான் அவர் இப்போது தன் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

மைதானத்து ஓரத்தில், வேலமரத்தடியில் பாய் விரித்தார். 'செல்போனை விரட்டுவோம்! கூத்தைக் காப்போம்! சாகும்வரை!' என்று பலகை வைத்தார். உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. வந்த இரண்டு பேர் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பலகையை மட்டும். "கொஞ்சம் நகரு பெரிப்பா, மறைக்குது" என்றார்கள்.

வெயில் ஏறியது. விழாக் கமிட்டிச் செயலாளர் வினோத்குமாரின் பைக், புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. வினோத்குமார் டூ வீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். நின்றுபோன வண்டியைப் பார்ப்பதுபோலவே பெரியசாமியையும் சுற்றி வந்து பார்த்தான்.

"பெரிப்பா, இன்னா இது? மெய்யாலுமே சாவும்வரையா?"

"மெய்யாலுமே!"

"காப்பு கட்டிக்கீது பெரிப்பா! கொடி ஏறிக்கீது!"

அவன் முகம் வெளுத்திருந்தது. காப்புக் கட்டிவிட்டால் தீமிதி முடியும்வரை ஊரில் சாவு விழக் கூடாது. விழுந்தால் தீட்டு. கொடியை இறக்கி, விழாவை அப்படியே நிறுத்திவிட வேண்டும். அந்த நாட்களில் மட்டும் ஊர்க் கிழங்களுக்கு வேளாவேளைக்குக் கஞ்சியும், சளி பிடித்தால் ஆஸ்பத்திரியும் கிடைக்கும். காப்பு அவிழ்த்த பிறகு அவரவர் பாடு. பெரியசாமி நாள் பார்த்து உட்காரவில்லை. கூட்டம் சேரும் நாளாகப் பார்த்து உட்கார்ந்தார். அவருடைய நோட்டீஸில் தீட்டுக்கு இடமில்லை. ஆனால் எதிரி நடுங்குகிறான் என்பது மட்டும் புரிந்தது. உடம்பெல்லாம் ஓர் இன்பம் ஓடியது.

"பயமா கீதா தம்பி? கோரிக்கையை நிறைவேத்து!"

"ஒரு பத்து நாள் கழிச்சி சாவேன் பெரிப்பா. நானே பந்தல் போட்டுக் குடுக்கறேன்."

"இனிமே உங்கிட்டப் பேச்சு இல்ல. எதுவா இருந்தாலும் எம் பொண்டாட்டியாண்ட சொல்லு. அவதான் என் தூதர்!"

பாரதக் களத்தில் தூது அனுப்புவது வழக்கம்தான். தூது போகிறவருக்குச் சொந்தமாக ஒரு திட்டம் இருக்கும் என்பதுதான் பாரதம் படித்தவருக்கும் மறந்துபோகிறது.

நடுமத்தியானம் சிட்டம்மாள் வந்தாள். கையில் நோட்டீஸ் கட்டு இருந்தது. பெரியசாமிக்கு உயிர் வந்தது. கட்டை வாங்கி மேலிருந்து ஒவ்வொரு நோட்டீஸாக எடுத்தார். அடிவரை நோட்டீஸ்தான். அதற்குக் கீழே பாய்.

"இன்னாடி இது?"

"நோட்டீஸு. நீ எழுதினதுதான்."

"சோறு?"

"சாவும்வரைன்னு போர்டு வெச்சிக்கினு சோறு கேக்கறியே, வெக்கமா இல்ல?"

"எப்பவும் கொண்டாருவியே!"

"நீ மிஸ்டு காலு குடுப்பே, நான் வருவேன். செல்லுதான் இப்போ ஆவாதே உனக்கு."

பெரியசாமி பல்லைக் கடித்தார். கடிக்க வேறு ஒன்றும் இல்லை.

"கமிட்டி இன்னா சொல்லுது?"

"ஆடிப் போய்க் கீறாங்க. வினோத்து மூணு தபா வூட்டுக்கு வந்துட்டான். பேசிக்கினு கீறோம்."

"ஒரு அடி பின்வாங்க மாட்டேன்னு சொல்லு!"

"அதான் சொல்லிக்கினு கீறேன். நீ கெட்டியா இரு. உன் பட்டினி நெசமா இருந்தாத்தான் அங்க என் பேச்சு எடுபடும்."

சொம்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் போனாள். என்ன இருந்தாலும் போராளியின் மனைவி என்று பெரியசாமி நெகிழ்ந்தார். நெகிழ்ச்சி நெஞ்சில் இருந்தது. வயிற்றில் வேறு ஏதோ உருண்டது.

அன்றைக்கென்று பகாசுரன் வதம். இதுவும் அவர் பார்க்காமல் விட்ட ஒன்று. பீமன், அசுரனுக்கு ஒரு வண்டிச் சோறு கொண்டுபோகும் நாள். ஊர் முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் சமைத்து வண்டியில் கொட்டுவார்கள். அதன் உச்சியில் பீமன் உட்கார்ந்து தின்றுகொண்டே மைதானத்துக்கு வருவான். மிச்சம் எல்லாருக்கும் பிரசாதம். தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் உண்ணாவிரதம் இருந்திருப்பார்கள். ஒரு வண்டிச் சோறு தேடி வந்து எதிரில் நின்ற உண்ணாவிரதம் இதுவாகத்தான் இருக்கும்.

மத்தளம் கேட்டது. அப்புறம் வாசனை வந்தது. சாம்பார், வடை, கத்தரிக்காய்க் குழம்பு, சக்கரைப் பொங்கல் எல்லாம் கலந்து ஒரே வாசனை. அப்புறம்தான் வண்டி. மேலே கட்டை மீசையும் கிரீடமுமாகப் பாண்டியன். ஏர் ஓட்டுகிறவன்தான். வேஷம் கட்டினால் பீமன். வேலமரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொன்னான்.

"யாரது, வனத்துல பட்டினி கிடக்கிற மானிடன்?" என்று கூத்துக் குரலில் முழங்கினான். பிறகு குனிந்து சொந்தக் குரலில், "ணா, ஒரு உருண்டை துன்னுணா. அம்மன் சோறு. வேணாம்னா தப்பு" என்று சோற்றை நீட்டினான். உருண்டையின் நடுவில் வடை ஒன்று எட்டிப் பார்த்தது.

அம்மன் சோற்றைத் தள்ளினால் ஊர் கோபிக்கும். வாங்கினால் வரலாறு கோபிக்கும். பெரியசாமி வரலாற்றைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கையிலேயே வலது கை தனியாகக் கிளம்பி வடையை நோக்கிப் போய்விட்டது.

"அய்யய்யோ, கையை நீட்டாதேயா!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சிட்டம்மாள் ஓடி வந்தாள். கூடவே மகளிர் குழுத் தலைவி ஜெயப்பிரியாவும், ஏழெட்டுப் பெண்களும். சிட்டம்மாள் அந்தக் கையைப் பிடித்து மடியில் அமுக்கிக்கொண்டாள்.

"பேச்சுவார்த்தை முடியற நேரத்துல கெடுத்துடுவே போல கீதே!"

"ஒரே ஒரு வடை, சிட்டு" என்றார் பெரியசாமி. இந்த வாக்கியத்தில் ஆச்சரியக்குறி இல்லை.

"பொறு. கமிட்டி வந்துக்கினு கீது. கண்ணை மூடிச் சாஞ்சிக்கோ. மூச்சை கொஞ்சம் இஸ்து வுடு."

"எதுக்கு?"

"ஜெயிக்கணுமா, வேணாமா?"

பெரியசாமி சாய்ந்தார். மூச்சை இழுத்தார். அதிகம் நடிக்க வேண்டியிருக்கவில்லை. ஜெயப்பிரியா விசிற ஆரம்பித்தாள். "பெரிப்பா கண்ணு சொருவுதே!" என்று ஒருத்தி குரல் கொடுத்தாள். "கையெல்லாம் ஜில்லுன்னு கீது!" என்றாள் இன்னொருத்தி. இவ்வளவு பெண்கள் தன் கொள்கைக்காகத் துடிப்பதைக் கண்ணை மூடிக்கொண்டே பெரியசாமி ரசித்தார். ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்தபோது வினோத்குமாரின் கால்கள் தெரிந்தன. அவை நேராகச் சிட்டம்மாள் முன்னால் போய் நின்றன.

"பெரிம்மா, போதும், ஒத்துக்கறோம். எல்லாத்துக்கும் ஒத்துக்கறோம்."

"இன்னிக்கேவா?"

"இன்னிக்கே! ஜெனரேட்டருகூட வந்துடுச்சி."

ஜெனரேட்டர் எதற்கு என்று பெரியசாமிக்கு ஒரு கணம் உறுத்தியது. மைக் செட்டுக்காக இருக்கும். வெற்றியை மைக் இல்லாமல் அறிவிக்க முடியுமா? சரிதான்.

பொழுது சாய்கையில் அவரைக் கைத்தாங்கலாக மேடைக்கு அழைத்துப் போனார்கள். மாலை போட்டார்கள். வினோத்குமார் மைக்கைப் பிடித்தான்.

"நம்ம ஊர்ப் போராளி பெரியசாமி பெரியப்பா அவர்களின் கோரிக்கையை விழாக் கமிட்டி முழுமனதோடு ஏத்துக்குது!"

பெரியசாமியின் கண் கலங்கியது. இத்தனை வருடம். இத்தனை நோட்டீஸ். தன் பெயர் மைக்கில். எலுமிச்சம்பழச் சாற்றை வாங்கினார். ஒரே மூச்சில் குடித்தார். காலி டம்ளரை வெற்றிக் கோப்பைபோல உயர்த்திக் காட்டினார்.

கூட்டம் முழுவதும் கையை உயர்த்தியது. ஒவ்வொரு கையிலும் ஒரு செல்.

"டேய்! எறக்குங்கடா! அதான் ஒத்துக்கினாங்க இல்ல!"

"இன்னாத்தை பெரிப்பா?" என்றான் வினோத்குமார்.

"செல்லு!"

"செல்லுப் பேச்சைத்தான் பெரிம்மா அப்பவே வுட்டுட்டாங்களே. ஏரிக்கரை முழுக்க டியூப் லைட்டு. பொம்பளைங்களுக்குத் தகரம் கட்டி ரெண்டு பாத்ரூமு. இதானே இப்போ உன் கோரிக்கை?"

சொல்லி வாய் மூடவில்லை. தூரத்தில் ஜெனரேட்டர் உறுமியது. மைதானத்திலிருந்து ஊர்வரை, ஏரிக்கரை மேல் ஒவ்வொரு விளக்காகக் கண் சிமிட்டி எரிந்துகொண்டே போனது. பெண்கள் குலவை போட்டார்கள். "பெரியசாமி வாழ்க!" என்று ஜெயப்பிரியா கத்தினாள். "வாழ்க! வாழ்க!" என்றது கூட்டம்.

வாழ்நாளில் அவர் எத்தனையோ பேருக்கு வாழ்க போட்டிருக்கிறார். தனக்கு யாரும் போட்டுக் கேட்டதில்லை. அது காதில் தேனாக இறங்கிக்கொண்டிருக்கும்போதே கோபமும் வருகிறதே, எந்தப் பக்கம் முகத்தைக் காட்டுவது? கூட்டத்துக்குச் சிரித்தபடி, பக்கத்தில் நின்றவளிடம் பல்லுக்குள் பேசினார்.

"இன்னாடி பண்ணே? செல்லு வேணாம்னு சொன்னியா, இல்லியா?"

"மொதல்ல அதைத்தான் சொன்னேன். வினோத்து மொத தபா வூட்டுக்கு வந்தப்பவே ஒத்துக்கினானுங்க."

"ஒத்துக்கினாங்களா!"

"ஒடனே. 'செல்லுதானே பெரிம்மா, அவர் உசுரோட இருந்தா போதும், யாரும் கொண்டாரக் கூடாதுன்னு சொல்லிடறோம்'னு வினோத்து கையெடுத்துக் கும்புட்டான்."

"அப்புறம்?"

"அவ்ளோ லேசா குடுக்கறதை வாங்கிக்கினா உன் உசுருக்கு இன்னாயா மரியாதை? 'செல்லை நீங்களே வெச்சிக்கோங்க. லைட்டு குடுங்க, பாத்ரூமு குடுங்க'ன்னேன். அதுக்குத்தான் சாயந்திரம்வரைக்கும் இஸ்துக்கினான்."

பெரியசாமிக்குத் தலை சுற்றியது. ஜெயித்திருக்கிறார். வாழ்நாளில் முதல் தடவையாக, தன் கோரிக்கை, தன் பெயர், முழு வெற்றி. ஏழாவது இட்லி செரிப்பதற்குள். அதை இவள் கொடுத்துவிட்டு, மாற்றுச் சரக்கு வாங்கி வந்திருக்கிறாள். அவர் அதற்குப் பிறகு பகல் முழுவதும் பட்டினி கிடந்தது ஏரிக்கரைத் தகரக் கொட்டகைக்கு.

"நான் மறுபடியும் உக்காரப் போறேன்!" என்றார். இந்தத் தடவை ஆச்சரியக்குறி வந்துவிட்டது. "நான் இதை வுட மாட்டேன்! நாளைக்கே உக்காருவேன்!"

சிட்டம்மாள் முந்தானையால் அவர் மீசையில் ஒட்டியிருந்த எலுமிச்சை விதையைத் துடைத்தாள்.

"அதைத்தான்யா நானும் சொல்லலாம்னு இருந்தேன். காப்பு அவுக்கறதுக்குள்ள உக்காந்துடு. தண்ணி டேங்க்கு பாக்கி கீது."